பதினோரு நாள் விக்கல்

சென்ற மாதம் ஒரு கல்யாண விருந்தில், மருத்துவம் படிக்கும் பையன் ஒருவன் என்னைத் தன் கூட்டாளிகளிடம் அறிமுகப்படுத்தினான். "எங்க தாத்தா தோட்டத்துல பெனடால் டிரெசரா இருந்தாரே, அவருதான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை.

மலேசியாவில், மலாக்கா மாநிலத்து மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் முப்பத்தாறு வருஷம் மருந்து கொடுத்தவன் நான். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பெயர் பதிந்த தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளன், ஆட்கள் வாயில் டிரெசர். பெனடால் நிறையக் கொடுத்திருக்கிறேன்தான். டேவிக் நோயையும் பிடித்திருக்கிறேன், ஒரு தடவை கோட்டை விட்ட பிறகு.

கோட்டை விட்டது 1984இல். பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர், வயது முப்பத்திரண்டு. பதினோரு நாள் விடாத விக்கல். "யாரோ நெனைக்கிறாங்க டிரெசரையா" என்று தொழிலாளர் லயத்தில் கேலி பேசினார்கள். சீனி தின்னச் சொன்னோம், மூச்சை அடக்கச் சொன்னோம். சோறும் தங்கவில்லை, வாந்தி. வயிற்றுப்புண் மருந்து கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் நின்றது. என் மருந்துதான் நிறுத்தியது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

நான்கு மாதம் கழித்து வலது கண் மங்கல் என்று வந்தார். சொட்டு மருந்து கொடுத்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் இடுப்புக்குக் கீழே மரத்து, காலிரண்டும் விழுந்து, மூத்திரமும் கட்டிக்கொண்டது. தோட்டத்து லாரியில் மலாக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிறகு கோல் ஊன்றித்தான் நடந்தார். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

மருந்தகப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஜாசினில் இருந்த பெரிய டிரெசரிடம் போனேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், அப்போது ஓய்வு பெற்றிருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று பக்கங்களிலும் விரலை வைத்தார். "நீ மூணு பேருக்கு மருந்து குடுத்திருக்கடா. வந்தது ஒருத்தி." கண்ணும் முதுகுத்தண்டும் சேர்ந்து கெட்டால் அதற்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் உண்டு என்றார். லியோன் நகரத்து யூஜின் டேவிக், 1894இல் எழுதியவர். "சரி, விக்கல்?" என்று கேட்டேன். "அது ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா அடிச்சிடாத, இருக்கட்டும்."

கண் நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க அன்றைக்குத்தான் டார்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். புத்தகத்தில் நாலு வரியில் முடித்திருப்பார்கள். அதிலுள்ள படமெல்லாம் வெள்ளைக்காரன் கண். நமக்குக் கண்மணியும் கறுப்பு, அதைச் சுற்றிய வட்டமும் கறுப்பு, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஜன்னலைச் சாத்த வேண்டும். ஆளைச் சுவர்க் காலண்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும், டார்ச்சைப் பார்த்தால் கிட்டத்தில் பார்ப்பதாலேயே கண்மணி சுருங்கிவிடும். டார்ச்சை நேராக அடிக்காமல் கன்னத்துப் பக்கமாகக் கீழிருந்து பிடிக்க வேண்டும். நல்ல கண்ணில் மூன்று எண்ணும்வரை. சட்டென்று அடுத்த கண். மறுபடி மூன்று. கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் கண்மணி சுருங்காமல் மெல்ல விரியும். அந்தக் கண்ணின் நரம்பு மூளைக்குப் பாதி வெளிச்சத்தைத்தான் கொண்டுபோகிறது. "நல்ல கண்ணு எரநூறு பார்த்துட்டு வா. அப்புறம்தான் கெட்ட கண்ணு தெரியும்" என்றார். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் ஆள் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். தோட்டத்தில் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

2013இல் அதே லயத்தில் பிறந்து, தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் வந்தாள். கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவர் மாற்றியாகிவிட்டது. "நெத்தியில வச்ச குங்குமம் இந்தக் கண்ணுக்குச் செங்கல்பொடி மாதிரி தெரியுது தாத்தா" என்றாள். எனக்குக் கை சில்லிட்டது. விக்கல் வந்ததா என்று கேட்டேன். தாய்தான் சொன்னாள், தைப்பூச சமயத்தில் எட்டு நாள், கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்தார்களாம். ஜன்னலைச் சாத்தினேன். இடது கண்மணி விரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு மூன்று வரிக் கடிதம் கொடுத்தனுப்பினேன். முதலில் பார்த்த இளைய டாக்டர் அதைப் பிரிக்கவே இல்லையாம். அடம்பிடித்து உட்கார்ந்த தாய்க்குத்தான் புண்ணியம். நரம்பு நிபுணர் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரப் பல வாரம் ஆனது, டேவிக் நோய்க்கு உரிய எதிர்ப்பொருள் இருந்தது. அதற்குக் காத்திருக்காமல் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றியிருந்தார்கள், பிறகு அசாதயோப்ரின். கண் பார்வை ஏறக்குறையத் திரும்பிவிட்டது. கால் விழவில்லை.

அந்த எதிர்ப்பொருளை மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர் அறிவித்தது 2004இல். அது தாக்குவது அக்வாபோரின்-4 என்ற நீர்வழியை என்று மறு வருஷம் தெரிந்தது. கண் நரம்பிலும் முதுகுத்தண்டிலும் அது நிறைய உண்டு. மூளையின் அடியில் வாந்தியைக் கிளப்பும் இடத்திலும் உண்டு, விக்கல் அங்கிருந்துதான். இதைப் போலவே தோன்றும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்று பெயர் மாற்றி எழுதி, அதற்கான இன்டர்ஃபெரான் ஊசியைப் போட்டால் இந்நோய் இன்னும் மோசமாகக்கூடும். நிபுணர்கள் கூடி விக்கலை ஆறு முக்கிய அடையாளங்களில் ஒன்றில் சேர்த்தது நான் ஓய்வு பெற்ற 2015இல். பெரிய டிரெசர் அதைப் பார்க்க இல்லை.

இன்று தோட்டத்தில் செம்பனையும் வெளிநாட்டு ஆட்களும்தான். லயம் போனது, மருந்தகம் பூட்டிக் கிடக்கிறது. விக்கலுக்கு ஒரு கிளினிக், கண்ணுக்கு ஒரு கடை, காலுக்கு எலும்பு டாக்டர், ஒவ்வொருவரிடமும் ஒரு கம்ப்யூட்டர். ஒன்றில் இருப்பது அடுத்ததற்குத் தெரியாது. டார்ச்சுக்குப் பதில் எம்ஆர்ஐ பாரம் எழுதுகிறார்கள். எம்ஆர்ஐ வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாளா? அந்தத் தேதி வரும்வரை கண் காத்திருக்குமா என்றுதான் கேட்கிறேன். டாக்டராகப் போகிற அந்தப் பையன் இருநூறு நல்ல கண் பார்த்திருப்பானா?

பதிவேடு இனி வராது. அதனால் வீட்டிலிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். விக்கலோ வாந்தியோ காரணமில்லாமல் இரண்டு நாளுக்கு மேல் நிற்காவிட்டால், தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். பிறகு எப்போதாவது கண் மங்கினாலோ கால் மரத்தாலோ, அந்தக் காலண்டரைக் கழற்றி ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.