அது எஸ்டிமேட்ல வராது சார்!

சதுர அடி 2,300 ரூபாய் என்றார் கான்ட்ராக்டர். ஆயிரம் சதுர அடிக்கு 23 லட்சம். கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. என்ன, அந்த ரேட் கட்டடத்துக்கு. அதில் மனுஷன் குடியிருக்க வேண்டுமென்றால் அது தனி!

முதலில் போர்வெல். அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. நூறு அடி தாண்டத் தாண்ட அந்த ரேட்டும் ஏறும். தண்ணீர் கீழே போகப் போக, பில் மேலே வரும். எங்களுக்கு 280 அடியில் கங்கா தேவி மனமிரங்கினாள்.

"கேஸிங் பைப், மோட்டார்?" என்றேன்.

"அது எஸ்டிமேட்ல வராது சார்."

அடுத்து கரண்ட். கட்டட வேலைக்குத் தரும் தற்காலிக இணைப்புக்கு வீட்டு ரேட் கிடையாது, அதைவிட அதிகம். 100 யூனிட் இலவசமும் கிடையாது. பிளான் அப்ரூவலின்போது கட்டடத் தொழிலாளர் நல நிதிக்கு மதிப்பீட்டில் ஒரு சதவிகிதம் கட்டினோம். வெயிலில் செங்கல் சுமக்கிற சித்தாளுக்கு உதவும் பணம். அதைக் கொடுக்கும்போது மட்டும் கை நடுங்கவில்லை.

பேஸ்மென்ட் முடிகிற சமயம் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இன்னும் ரெண்டடி ஏத்திடலாம் சார். புது ரோடு போட்டா மழைத் தண்ணி ஹாலுக்கு வந்துரும்."

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறாரே என்றேன். மேஸ்திரி என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பதினாறு லோடு கிராவல் வந்து இறங்கியது.

சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் தனி. நிலை வைத்த அன்று ஆசாரிக்கு வேட்டி, துண்டு. தளம் போட்ட அன்று முப்பது பேருக்கு பிரியாணி. அதில் குறை வைத்தால் தளம் ஒழுகும் என்பது என் மாமியாரின் இன்ஜினீயரிங்.

பாங்க்காரர்களோ, போட்ட எஸ்டிமேட்டுக்கு மேல் தம்பிடி தர மாட்டார்கள். அதையும் வேலை முடிய முடியத் தவணையாகத்தான் தருவார்கள். மேற்கொண்டு ஆனதையெல்லாம் என் மனைவி தனி நோட்டில் எழுதி வந்தாள். நாலே முக்கால் லட்சம் என்று கூட்டிய அன்று, அவள் கையில் நாலு வளையல் குறைந்திருந்தது.

மிச்சமிருந்தது, பெண்ணின் காலேஜ் படிப்புக்குப் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட். "காம்பவுண்ட் சுவருக்கு அதை உடைச்சுக்கலாமா?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"சுவர் அடுத்த வருஷமும் எழும்பும். அவ அட்மிஷன் இந்த வருஷம்தான்" என்று நோட்டை மூடிவிட்டாள். சுற்றிலும் கம்பி வேலி போட்டுக் குடிவந்தோம். பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் வந்த பெரிய மாமா, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஜோரா இருக்கு. காம்பவுண்டும் கேட்டும் எங்கப்பா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது:

"அது எஸ்டிமேட்ல வராது மாமா!"