2.5 பெரிதா, 1.6 பெரிதா?



பிள்ளைகளுக்கு லெப்டொப் வாங்கும் பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. "சேர், இது நல்லதா?" என்று வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். பதில் சொல்ல முதல், நாம் விட்ட ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

2023 இல் கொக்கிளாயில் கடற்றொழில் செய்யும் அண்ணன் ஒருவர், உயர்தரம் படிக்கும் மகளுக்கு லெப்டொப் வாங்க நம்மைத் துணைக்குக் கூட்டிப்போனார். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. பாவித்த லெப்டொப் விற்கும் கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். இரண்டும் இன்டெல் கோர் ஐ5. ரெம் இரண்டிலும் 8 ஜிபி. ஒன்றின் திரையில் "ஐ5-7200யூ, 2.50 கிகாஹேர்ட்ஸ்" என்றிருந்தது. மற்றதில் "ஐ5-8250யூ, 1.60 கிகாஹேர்ட்ஸ்". இரண்டாவதற்கு 9,000 ரூபா கூட.

கடைத் தம்பி இரண்டாவதுதான் புதியது, நல்லது என்றார். நாம் விடவில்லை. "2.5 எங்கே, 1.6 எங்கே? வேகம் குறைஞ்ச சாமானுக்கு ஏன் கூடக் காசு குடுக்க வேணும்?" என்று கேட்டோம். அண்ணனுக்குச் சந்தோசம். 9,000 ரூபா மிச்சம் என்று முதலாவதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

போன மாதம் அந்த மகள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சேர், விண்டோஸ் 11 போட ஏலாதாம். புரொசஸர் சரிவராதாம்." விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இற்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 7200யூ என்பது 7 ஆம் தலைமுறை. நாம் வேண்டாம் என்று தள்ளிய 8250யூ 8 ஆம் தலைமுறை.

அன்றிரவு இருந்து இரண்டு புரொசஸர்களின் விபரத்தையும் ஒழுங்காக வாசித்தோம். பிழை விண்டோஸ் விசயத்தோடு நிற்கவில்லை. வேகத்திலும் நாம் சொன்னது பிழை.

அன்று திரையில் நாம் பார்த்தது அடிப்படை வேகம் மட்டும். அதாவது, எல்லாக் கோர்களும் பாரமான வேலையை நெடுநேரம் செய்தாலும், சொல்லப்பட்ட மின்சக்திக்குள் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். இதற்கு மேலே பூஸ்ட் வேகம் என்று ஒன்று உண்டு. சூடும் மின்சக்தியும் இடம் கொடுத்தால், புரொசஸர் கொஞ்ச நேரத்துக்கு எட்டிப் பிடிக்கும் உச்ச வேகம் அது. இன்டெல் 2008 இல் முதல் கோர் ஐ7 உடன் இதை டர்போ பூஸ்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது.

நம் ஊருக்கு இது புதிய விசயமில்லை. முகத்துவாரத்தால் வெளிக்கிடும் படகு, அலை உடையும் இடத்தைத் தாண்ட எஞ்சினை முழுதாக முறுக்கும். தாண்டிய பிறகு யாரும் அப்படியே முறுக்கிக்கொண்டு போவதில்லை. எஞ்சின் சூடேறும், எண்ணெயும் தீரும். முழுப் பாரத்தோடு நெடுநேரம் ஓடக்கூடிய ஓட்டம் அடிப்படை வேகம். அலை தாண்டும் முறுக்கு பூஸ்ட்.

இனி அந்த இரண்டையும் பாருங்கள். 7200யூவில் 2 கோர்கள், அடிப்படை 2.5, பூஸ்ட் 3.1. 8250யூவில் 4 கோர்கள், அடிப்படை 1.6, பூஸ்ட் 3.4. இரண்டுக்கும் ஒதுக்கப்பட்ட மின்சக்தி ஒரே அளவு, 15 வாட். அதே 15 வாட்டை நாலு கோர் பங்குபோடுவதால்தான் ஒவ்வொன்றின் அடிப்படை வேகமும் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. கரைவலையை இரண்டு பேர் மூச்சைப் பிடித்து இழுப்பதும், நாலு பேர் அளவாக இழுப்பதும் போல. இரண்டின் கோர்களும் ஏறத்தாழ ஒரே அமைப்பு என்பதால் ஒரு மனக்கணக்குப் போடலாம். இரண்டு 2.5 சேர்ந்தால் 5. நாலு 1.6 சேர்ந்தால் 6.4. சின்ன வேலைக்கு 3.1 ஐவிட 3.4 முந்தும். பெரிய வேலைக்கும் நாலு கோர் முந்தும். நாம் எந்தப் பக்கத்தால் பார்த்திருந்தாலும் 8250யூவைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நம்மை ஏமாற்றியது பழைய படிப்பு. பென்டியம் காலத்தில் பெரிய இலக்கம் என்றால் வேகம் என்று பழகியவர்கள் நாம். 2004 இலேயே பென்டியம் 4 புரொசஸர் 3.8 கிகாஹேர்ட்ஸைத் தொட்டது. 4 ஐத் தொடும் திட்டத்தை இன்டெல் அதே வருடம் கைவிட்டது. சூடும் மின்செலவும் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோர்களைக் கூட்டும் வழிக்குப் போனார்கள். இலக்கம் ஓடிய ஓட்டம் அங்கேயே நின்றதை நாம் கவனிக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, இனிப் பூஸ்ட் இலக்கத்தை மட்டும் பார்ப்போம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அது இன்னொரு பிழை. விளம்பரத்தில் "2.8 வரை" என்று போட்ட செலரோன் என்4020 இன் அடிப்படை வேகம் 1.1 தான், கோர்களும் 2 தான். "வரை" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லாக் கோர்களும் ஒன்றாக, நெடுநேரம் அந்த வேகத்தில் ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. தகரக் கூரைக்குக் கீழே மதிய வெக்கையில், மெத்தையில் வைத்துக் காற்றுவழியை மூடிக்கொண்டு பாவித்தால், எந்த லெப்டொப்பும் சூட்டில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடற்கரை மண்ணும் உப்புக்காற்றும் விசிறியில் படிந்தால் இன்னும் மோசம். மேசையில் வையுங்கள், விசிறியைத் துப்புரவாக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய பூஸ்ட் அப்போதுதான் கிடைக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் இவ்வளவையும் செய்யுங்கள்:

1. "ஐ5" என்பதோடு நிற்காமல் மாடல் பெயரை முழுதாக எழுதுங்கள். 7200யூ, 8250யூ என்பதில்தான் தலைமுறை இருக்கிறது.

2. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறவுங்கள். அடிப்படை வேகம், கோர் எண்ணிக்கை, இந்த நேரத்தில் ஓடும் வேகம் மூன்றும் தெரியும். சும்மா இருக்கும்போது வேகம் அடிப்படைக்குக் கீழே இறங்கினால் பயப்படாதீர்கள். அது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது.

3. அங்கே "லொஜிகல் புரொசஸர்ஸ்" என்ற இலக்கத்தைக் கோர் என்று எடுக்காதீர்கள். 7200யூவிலும் அது 4 என்றுதான் காட்டும்.

4. ஒரு வீடியோவை ஓடவிட்டு, இன்னும் நாலைந்து பக்கங்களைத் திறந்து, 15 நிமிடம் பாருங்கள். சூடேறிய பிறகும் வேகம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

5. அடிப்படை, பூஸ்ட், கோர், தலைமுறை நாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

ஆலோசனையும் ஓர் அமானிதம் என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். போன வெள்ளி பின்னேரம் அந்த அண்ணனின் வீட்டுக்குப் போய், "அண்டைக்கு நாங்கள் சொன்னது பிழை" என்று சொன்னோம். வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அதுக்கென்ன சேர், இப்பவும் ஓடுதுதானே" என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

படம் அனுப்புகிறவர்கள் மாடல் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், பார்த்துச் சொல்வோம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம்.