கரண்ட் வைத்த பிறகு

2022 மார்ச் 4, வெள்ளி

புராஸ்டேட் சுரப்பியில் கண்ட புற்றுநோய்க்காகப் பிப்ரவரி 7-ஆம் தேதி தொடங்கிய கதிர்வீச்சுச் சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாளாக 60 கிரே அளவை 20 தவணைகளில் செலுத்தி, இன்றோடு முடிவுற்றது. எங்கள் பக்கத்து ஜனங்கள் இதைக் 'கரண்ட் வைத்தல்' என்பார்கள், சுடுவதுமில்லை, நோவதுமில்லை, மூத்திரப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அசையாமல் படுத்திருப்பதுதான் சிரமம். மூத்திர எரிச்சலையும் மலப்போக்கையும் விஸ்தாரமாக விளக்கிய வைத்தியர் தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அறுபத்திரண்டு வயதில் அதைக் கேட்பதா என்ற லஜ்ஜையால் நானும் கேட்கவில்லை.

2023 செப்டம்பர் 17, ஞாயிறு

கதிருடன் சேர்த்து ஆறு மாதம் போட்ட ஹார்மோன் ஊசி அடியோடு அவித்திருந்த இச்சை, ஊசியை நிறுத்திய சில மாதங்களில் திரும்பிவிட்டது; அப்போது ஓரளவு ஒத்துழைத்த சரீரமோ இவ்வருஷத் தொடக்கம் முதல் படிப்படியாகத் தளர்ந்து, இப்போது விறைப்பு என்பதே அற்றுப்போயிற்று. மனோபலம் குன்றியதன் விளைவென்று எண்ணி, காரணம் சொல்லாமல் கூடத்தில் படுக்கத் தொடங்கினேன். இன்றிரவு என் மனைவி வந்து அருகில் உட்கார்ந்து, "இருபது நாளும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு உங்களோடு வந்தேனே, இதை மட்டும் என்னிடம் ஏன் மறைக்கிறீர்கள்?" என்றாள். சொன்னேன்.

2023 செப்டம்பர் 25, திங்கள்

இருவருமாகச் சென்று வேறொரு வைத்தியரைக் கண்டோம். அறுவையில் நரம்புகள் ஊறுபடுவதால் குறை உடனே தெரிகிறதென்றும், கதிரோ சுரப்பியை ஒட்டிய நுண்ணிய இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லச் சுருங்கச் செய்து, ஆண்குறிக்குப் பாயும் இரத்தத்தைக் குறைத்து, விறைப்புக்குரிய திசுவையும் நாராக்குவதால், பல மாதங்கள், சிலருக்கு இரண்டு மூன்று வருஷங்கள் கழித்தே அது வெளிப்படுகிறதென்றும் அவர் பொறுமையாக விளக்கினார். விந்து குறைவதும் வற்றுவதும் இயல்பாம். இன்ப உணர்ச்சி அதனால் அழிவதில்லை. வெளியிலிருந்து செலுத்திய கதிர் உடம்பில் தங்குவதில்லையாதலால் மனைவிக்கு யாதொரு தீங்குமில்லை. சில்டெனாஃபில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உண்பவர்களுக்கு அது இரத்த அழுத்தத்தை அபாயகரமாகத் தாழ்த்துமாகையால் முதலில் அதை விசாரித்தார். மாத்திரை பலிக்காவிடில் வெற்றிடக் குழாயும், ஊசியும், கடைசியாக உள்ளே பொருத்தும் கருவியும் உண்டு. பதினெட்டு மாதம் முன்பே இதைக் கேட்டிருந்தால் கூடத்தில் படுத்த இரவுகள் எனக்கு நேர்ந்திரா.

2023 அக்டோபர் 9, திங்கள்

காத்திருக்கும் கூடத்தில் ஓர் இளைஞனைக் கண்டேன். மணமாகி எட்டு மாதம், மலக்குடலில் புற்று, வரும் திங்கள் முதல் இடுப்புக்குக் கரண்ட். விரைகள் கதிரின் நேர்ப் பாதையில் இராவிட்டாலும், சிதறி விழும் சிறு அளவே விந்தணுவைக் குறைக்கப் போதுமென்பதும், அளவு மிகுந்தால் அக்குறை நிலைத்துவிடலாமென்பதும் அவனுக்குத் தெரியாது. உறைய வைத்த விந்தால் பெண்கள் கருவுற்றதை அயோவா பல்கலைக்கழகத்தின் பங்கேயும் ஷெர்மனும் 1953-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்க, எழுபது வருஷங்களுக்குப் பின்னும் அதை இவனிடம் சொல்ல ஒருவரும் இல்லாதது பெருங்குறை. "ஐயா, இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிக் கேட்பது?" என்று தலைகுனிந்தான். அவன் மனைவியையும் அழைத்துக்கொண்டு நானே வைத்தியரின் அறைக்குள் சென்றேன்.

வியாழக்கிழமை விந்தைச் சேமிக்கிறார்கள்.