ஊரைக் காணோம்!

தணிகை மலையின் 365 படிகளை ஆண்டின் நாள்களுக்கு ஒப்பிட்டுச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். நான் எழுத வந்தது அந்தப் படிகளைப் பற்றியன்று; கணிப்பொறி வரைகிற தூண்களைப் பற்றி. நின்ற தூண்களைப் படுக்க வைக்க நான் பட்ட பாட்டைக் கேட்டால் நண்பர்கள் சிரிப்பார்கள். விரிவுரையாளர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மாலை வேளைகளில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் கணக்கெழுதப் போகிறேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். கணக்கெழுதுவது என்பதும் பழைய பேச்சுத்தான். 28 ஊர்களிலிருந்து வரும் பாலின் அளவும் கொழுப்பும் அன்றன்றே கணிப்பொறியில் ஏறிவிடும். பத்து நாளைக்கு ஒரு முறை, பட்டுவாடாவுக்கு முதல் நாள், பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரல் அவற்றையெல்லாம் கூட்டி, எக்செல் தாளில் அட்டவணையாக்கி, ஊர்வாரியாக ஒரு விளக்கப்படமும் வரைந்து வைத்துவிடும். அட்டவணை அலுவலகக் கோப்புக்கு, படம் வெளிச்சுவருக்கு. அச்செடுத்து ஒட்டுவது என் வேலை. நிரலை எழுதிய அண்ணன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். என் புத்தகச் செலவு, தேர்வுக் கட்டணம் எல்லாம் அவற்றின் மடியிலிருந்துதான் வருகின்றன. மாடுகளைக் கவனிப்பவர் என் ஆயா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயரைத் தானே படித்து ஏறுவதில் அவருக்கு இன்றும் ஒரு மிடுக்கு உண்டு.

பட்டுவாடாப் பணம் வங்கிக்குப் போனாலும், ரசீது வாங்கப் பலரும் நேரில் வருவார்கள். அப்படி வந்த ஆயா ஒரு நாள் அந்தச் சுவரின் முன்னால் கழுத்தை ஒடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“கண்ணு, நம்ம ஊரு எங்கடா?”

“இதோ, இங்க இருக்கு ஆயா” என்று விரலை வைத்தேன். வைத்த இடத்தில் தூண் இருந்தது. அதன் கீழே தரணிவராகபுரம் என்ற பெயர் இல்லை! பக்கத்தில் நின்ற பொன்பாடிக்காரர் ஒருவர், “மா ஊரு கூட லேது” என்று தெலுங்கில் சேர்த்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தேன். 28 தூண்களுக்கு 14 பெயர்களே இருந்தன.

“ஊரு பேரே இல்லன்னா, ஊத்துன பாலு எந்தக் கணக்குல போச்சு?” என்றார் ஆயா. அங்கிருந்த பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் வியர்க்கிறது.

எல்லைப்புறத்து மக்களுக்குத் தாளில் ஊர் எங்கே இருக்கிறது என்பது விளையாட்டுச் செய்தியன்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போன திருத்தணி, ம.பொ.சி. முதலானோர் நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ஆயாவுக்கு அப்போது நான்கு வயது.

பெயர்கள் எங்கே போயின? அன்றிரவே கணிப்பொறியின் முன் உட்கார்ந்தேன். நிரல் வரையும் படத்திற்கு அளவு சொல்லாவிட்டால் அது 15 சென்டிமீட்டர் அகலமும் 7.5 சென்டிமீட்டர் உயரமுமாக வரும். அந்த அகலத்தில் 28 பெயர்கள்! அகூர், தாடூர் போன்றவை எப்படியாவது ஒடுங்கிக்கொள்ளும். சந்தானகோபாலபுரமும் அலமேலுமங்காபுரமும் என்ன செய்யும்? இடம் போதாவிட்டால் எக்செல் முதலில் பெயர்களைச் சாய்க்கும்; பிறகு செங்குத்தாக நிறுத்தும்; அதற்கும் போதாதென்றால் ஒன்று விட்டு ஒன்றாகப் பெயரையே எடுத்துவிடும். நம்மை ஒரு வார்த்தை கேட்பதில்லை. மேலும் கீழும் கொம்பும் சுழியுமாக விரியும் நம் எழுத்து அதிக இடம் கேட்பது. செங்குத்தாக நிறுத்தினால் ஆயாவைப் போல எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு அது எழுத்தே அல்ல.

மறுநாள் கோப்பைத் திறந்து, படத்தின் வகையை மாற்றி, தூண்களைத் திருநீற்றுப் பட்டை போலக் கிடையாக்கினேன். கையால் இழுத்துப் பெரிதாக்கவும் செய்தேன். 28 ஊர்களும் இடப்பக்கத்தில் நேராக வந்து உட்கார்ந்தன. ஒட்டினேன், நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த பட்டுவாடாவின்போது எனக்கு உள்தேர்வு. வேறொருவர் அச்செடுத்து ஒட்டினார். தூண்கள் பழையபடி எழுந்து நின்றன; 14 ஊர்கள் மறுபடி மாயம். நிரலுக்கு என் கைவேலை எப்படித் தெரியும்? அது ஒவ்வொரு முறையும் படத்தைப் புதிதாக அல்லவா வரைகிறது! மேலாளர் கூப்பிட்டார். “தம்பி, ஒரு தபா ஊரு இருக்கு, ஒரு தபா இல்ல. ஜனங்க என்னப்பா நினைப்பாங்க?”

ஆகவே நோயின் வேரில் கை வைக்க வேண்டியதாயிற்று. அண்ணனின் நிரல் ஓபன்பைஎக்ஸெல் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் நிற்கும் தூணுக்கும் கிடக்கும் பட்டைக்கும் ஒரே பெயர்: ‘பார் சார்ட்’. வகை என்ற இடத்தில் ‘கால்’ என்றிருந்தால் நிற்கும், ‘பார்’ என்றால் படுக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் நிற்கும். ஒரு சொல்லை மாற்றினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. முதல் வண்டித் தடத்து ஊர் அடியிலும் கடைசி ஊர் உச்சியிலுமாக வரிசை தலைகீழாகிவிட்டது. யோசித்தால் அதில் நியாயம் உண்டு. படத்தின் எண்ணிக்கை மூலையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போகிறது, நாமோ மேலிருந்து கீழே படிக்கிறவர்கள். ஊர்ப்பெயர் அச்சின் திசையை ‘மேக்ஸ்மின்’ என்று திருப்பினேன். வரிசை சரியாயிற்று, ஆனால் லிட்டர் எண்கள் துள்ளி உச்சிக்கு ஏறிக்கொண்டன! லிட்டர் அச்சு மறுகோடியில்தான் குறுக்கிட வேண்டும் என்று இன்னொரு வரி எழுதி இறக்கினேன். அப்படியும் பாதிப் பெயர்களைக் காணோம். உயரம் அதே 7.5 சென்டிமீட்டர்தானே? ஊருக்கு 0.7 சென்டிமீட்டர் வீதம் பெருக்கி, தலைப்புக்கு 3 சென்டிமீட்டர் கூட்டச் சொன்னேன். 28 ஊருக்கு 22.6 ஆயிற்று. நாளை இரண்டு ஊர் கூடினாலும் படம் தானே வளரும். கடைசியில் அகலவாட்டில் இருந்த தாளையும் நெட்டவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. படம் படுத்தது, தாள் எழுந்து நின்றது!

ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் இரண்டு நாள் திரிந்தேன். பிறகு படித்தேன்: 1786-இல் வில்லியம் பிளேஃபேர் தம் நூலில் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை 17 நாடுகள் வாரியாக வரைந்தபோதே பட்டைகளைக் கிடையாகத்தான் வரைந்திருக்கிறார். பெருமிதம் இறங்கிவிட்டது.

மேலாளருக்கோ படுத்த பட்டைகள் மிகவும் பிடித்துப்போய், மாதவாரிப் படத்தையும் படுக்க வைக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். சித்திரை, வைகாசி என்று காலம் இடமிருந்து வலமாக நடப்பதுதான் கண்ணுக்கு இயல்பு. மாதப் பெயர்கள் 12 மட்டுமே, இடமும் போதும். அவர் சற்று முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

சென்ற பட்டுவாடா நாளில் ஆயா வந்தார். இம்முறை கழுத்தைச் சாய்க்கவில்லை. சுவரில் விரலை வைத்து மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். “த... ர... ணி... வ... ரா... க... புரம்.” எனக்குத் தொண்டை அடைத்தது. பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

விரல் பெயரிலிருந்து பட்டையின் மேல் ஊர்ந்து, அதன் நுனியில் நின்றது. பிறகு பக்கத்துப் பட்டைக்குத் தாவியது.

“ஏண்டா, அகூர விட நம்ம ஊருக் கோடு குட்டையா இருக்குது? நம்ம ஊருல எத்தினி மாடு கறக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அளக்கிறவன் யாரு?”

நான் பதில் சொல்வதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)