பதில் எழுத வேண்டாம்

"அண்ணா, எனக்கு மெயிலே வரலையே" என்றாள் அந்தப் பெண். நேர்காணல் முந்தைய நாளே முடிந்திருந்தது. கூட விண்ணப்பித்த தோழி சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

கல்லூரி உதவித்தொகை கொடுக்கும் சின்ன அறக்கட்டளை ஒன்றின் மெயில் சர்வரை நான் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். அழைப்புக் கடிதம் 40 பேருக்கு. 29 பேருக்கு முதலிலேயே போய்விட்டது. சான்றிதழ் சரிபார்ப்பில் தாமதமான 11 பேருக்கு அடுத்த வாரம் அனுப்பினேன். அந்தப் பதினொரு பேரும் வரவில்லை. "இஷ்டமில்லபோல தம்பி" என்றார் செயலாளர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பெயர்கள் மேல் கோடு போட்டோம்.

1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறையில், அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று கேட்க வழி இல்லை. இன்லேண்ட் லெட்டரின் பின்னால் யார் பெயரையும் எழுதலாம் என்பது மாதிரி. பிறகுதான் இரண்டு சாட்சிகள் வந்தன. எஸ்பிஎஃப் என்பது எந்தெந்த ஐபி முகவரியிலிருந்து நம் மெயில் கிளம்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் நாம் எழுதிவைக்கும் பட்டியல். டிகிம், கடிதத்தின் மேல் சர்வர் போடும் கையெழுத்து. பிறகு உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது. இரண்டுமே பொய்த்தால் என்ன செய்வது என்று டொமைன்காரர் சொல்லிவைப்பது டிமார்க். போலி மெயிலுக்குப் பயந்து நான் 'ரிஜெக்ட்' என்று எழுதிவைத்திருந்தேன்.

இடையில் செலவைக் குறைக்க சர்வரை மாற்றினேன். புது ஐபியை எஸ்பிஎஃப் பட்டியலில் சேர்க்க மறந்தேன். அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்போம். டிமார்க்குக்கு ஒரு சாட்சி போதும். ஆனால் அதே நாளில் சார் கேட்டார்: "கடைசியில ஒரு வாழ்த்து வரி சேர்த்துடுங்களேன்." அதை ஒட்டும் ஸ்கிரிப்ட், டிகிம் கையெழுத்து விழுந்த பிறகு ஓடும்படி வைத்துவிட்டேன். 'வாழ்வில் உயர வாழ்த்துகள்' என்ற வரிதான் கையெழுத்தைச் செல்லாததாக்கியது.

இதையெல்லாம் நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. திரும்பி வந்த 11 மெயில்களிலும் 550 5.7.26 என்ற எண்ணோடு காரணம் எழுதியிருந்தது. எல்லாம் 'நோரிப்ளை' பெட்டியில் கிடந்தன. பதில் எழுத வேண்டாம் என்று பெயர் வைத்த பெட்டியை யார் திறந்து பார்ப்பார்கள்?

சரிசெய்ய இருபது நிமிடம். ஐபியைச் சேர்த்தேன், ஸ்கிரிப்டைக் கையெழுத்துக்கு முன்னால் நகர்த்தினேன். அப்புறம் பதினொரு பேருக்கும் ஒவ்வொருவராக போன் செய்தேன். நேர்காணலை மறுபடி வைத்தோம். பத்துப் பேர் வந்தார்கள்.

வராத பையன் போனில் சொன்னான்: "பரவால்லண்ணா, மில்லுல சேந்துட்டேன். அப்பா அட்வான்ஸும் வாங்கிட்டாரு." பின்னால் தறியா, வேறு மெஷினா, இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன நடந்தது என்று விளக்க ஆரம்பித்து, எஸ்பிஎஃப் என்ற சொல்லுக்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

இப்போது கடிதங்கள் சார் பெயரில் போகின்றன. திரும்பி வருபவை என் போனில் மணியடிக்கும். நள்ளிரவானாலும் எழுந்து பார்க்கிறேன்.