பியர்ஸ் கேட்ட விலை

போர்க்களத்திலிருந்து மீண்ட சிப்பாய் பேனாவைப் பிடித்தால் வீரப் பிரதாபங்களையே எழுதித் தள்ளுவான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, 1861இல் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இந்தியானா 9ஆம் காலாட்படையில் சேர்ந்து, ஷைலோ சண்டையின் கோரத்தைக் கண்ணாரக் கண்டு, 1864இல் கென்னசா மலையருகே தலையில் குண்டடி பட்டும் உயிர் தப்பிய ஆம்புரோஸ் பியர்ஸ், பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகைக்காரராகி, பிரதாபம் என்ற சரக்கையே சந்தேகத்தோடு பார்த்தவர் என்பதே எனக்கு அவரிடம் அபிமானம் உண்டாகப் பிரதான காரணம்.

மனிதர் சாது அல்லர்; அவரிடம் வாயைக் கொடுத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதே அதிகம்.

ரயில் பாதை போடுவதற்காகச் சர்க்காரிடம் வாங்கிய பெருங்கடனை மேலும் பல்லாண்டுகளுக்குத் தள்ளிப்போட ஒரு மசோதாவை நிறைவேற்றிக்கொள்ளக் காலிஸ் ஹண்டிங்டன் என்ற ரயில்வே அதிபர் 1896இல் முயன்றபோது, பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் (பரோபகார சிந்தையினால் மட்டுந்தான் என்று நான் நம்பவில்லை, பத்திரிகை விற்க வேண்டுமே!) பியர்ஸை வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். அங்கே நாள்தோறும் அவர் எழுதிய கண்டனங்களைத் தாங்கமாட்டாத ஹண்டிங்டன், காங்கிரஸ் மாளிகைப் படிகளிலே வழிமறித்து, "உமக்கு என்ன விலை?" என்று கேட்டதாகவும், கடன்தொகை முழுவதையுமே தம் விலையாகச் சொல்லி, தாம் ஊரில் இல்லாவிட்டால் அதை அரசாங்கப் பொக்கிஷதாரரிடம் கட்டிவிடலாம் என்று பியர்ஸ் பதிலளித்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது.

1897 ஜனவரியில் மசோதா தோற்றது. கடனைப் பின்னால் கட்டித்தான் தீர்த்தார்கள்.