கலயத்தின் உட்புறம்

பனையிலிருந்து இறங்குவது கள்ளா பதநீரா என்பதைத் தீர்மானிப்பது மரமன்று. மரத்தில் கட்டியிருக்கும் கலயம். சீவிய பாளையின் முனையிலிருந்து சொட்டும் சாறு இரண்டுக்கும் ஒன்றுதான். நன்றாகக் கழுவி, உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் அது பதநீர். நேற்றைய மண்டி ஒட்டியிருக்கும் கலயத்தில் விழுந்தால், விடிவதற்குள் அது நுரைக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. பதநீருக்குத் தடையில்லை. ஆகவே, குற்றத்துக்கும் பிழைப்புக்கும் நடுவே சட்டம் கிழித்த கோடு ஒரு மண்கலயத்தின் உட்சுவரில், விரலால் தடவிய சுண்ணாம்புப் பூச்சாக ஓடுகிறது. பாத்திரம் கழுவுவதைப் பற்றி இலக்கியம் பேசும் இடத்தில் எழுதுகிறானே என்று நண்பர்கள் வியக்கக்கூடும். ஒருவருடைய வாழ்வையே பாத்திரம் கழுவுவதில் பார்த்திருக்கிறேன் என்பதே என் சமாதானம்.

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி நினைவுக்கு வரும். 1081 மில்லியன் கன அடி கொள்ளளவு. கோடைதோறும் செய்தித்தாள்களில் அதன் இருப்பு அச்சாகும். சற்று வயதானவர்களுக்குக் கார் பந்தயம் நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நடந்த அந்தப் பந்தயங்கள், இருங்காட்டுக்கோட்டையில் புதிய தளம் அமைந்த பின் அங்கே போய்விட்டன. எங்களுக்கோ ஊர் என்பது பனைகள். ஏரிக்கரையிலும் வயல் வரப்புகளிலும் அவை நின்றன. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்கள் இன்று கிடங்குகளாகவும் லாரி நிறுத்துமிடங்களாகவும் ஆகிவிட்டன. வரப்பு இல்லாத இடத்தில் வரப்புப் பனைக்கு என்ன வேலை?

அந்தப் பனைகளில் ஏறியவர்களுள் ஒரு பெரியவர் எங்கள் நிலத்து மரங்களையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் மரம் ஏறுவதைப் பார்க்கச் சிறுவர்கள் கூடுவார்கள். எனக்கோ அவர் கீழே இறங்கிய பின் செய்யும் வேலைதான் பிடிக்கும். காலைப் பதநீரை வடிகட்டி ஊற்றிய பிறகு கலயங்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவார். முதலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவார். அடுத்து மணலும் தேங்காய் நாரும் போட்டு உட்சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். மீண்டும் இருமுறை அலசுவார். பின்பு காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, அந்தப் புகையின் மேல் கலயத்தைக் கவிழ்த்துப் பிடிப்பார். கடைசியில் வெயிலில் காய வைப்பார். மாலையில் மரம் ஏறுவதற்குச் சற்று முன்புதான் சுண்ணாம்பு. முகர்ந்து பார்த்து, புளித்த வாடை துளி இருந்தாலும் அந்தக் கலயத்தைத் தள்ளி வைத்துவிடுவார். ஒரு நாள் புளித்த கலயத்தை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது என்பது அவர் கட்சி.

அவர் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. சுட்ட மண்ணுக்கு நுண்துளைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நார் எடுத்துவிடும். துளைகளுக்குள் குடியேறிய ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் நார் எட்டாது. பனஞ்சாறு அவற்றுக்கு வாய்த்த விருந்து. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை, நடுநிலையான காரத்தன்மை, கோடைக்கால வெப்பம். சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். கூடவே சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்யும். லாக்டிக் பாக்டீரியாக்கள் புளிப்பேற்றும். இன்னொரு நாள் விட்டால் அசிட்டிக் பாக்டீரியாக்கள் வந்து காடியாக்கிவிடும். நீர்த்த சுண்ணாம்பு இந்த ஊர்வலத்தை வாசலிலேயே நிறுத்துகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை எண் 12க்கு மேல். அந்தக் காரத்தில் இவற்றில் எதுவும் பெருக முடியாது.

ஆனால் சுண்ணாம்பு என்றால் ஏதோ ஒரு சுண்ணாம்பு அன்று. எங்கள் பக்கத்தில் பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டு நீர்த்த சுண்ணாம்பைத்தான் மதிப்பார்கள். பெரியவர் அதைத் தண்ணீருக்கடியில் மூடி வைத்திருப்பார். திறந்து கிடந்தால் 'செத்துப் போகும்' என்பார். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது மறுபடியும் கிளிஞ்சலின் பொருளாகவே மாறிவிடுகிறது என்று பின்னாளில் வேதியியல் வகுப்பில் படித்தேன். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், காரம் போயிருக்கும். அளவும் முக்கியம். "சுண்ணாம்பு கம்மியானா போலீசு புடிக்கும் தம்பி, ஜாஸ்தியானா குடிக்கிறவன் வைவான்" என்று அவர் சொன்னது வேடிக்கைக்காக அன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த அந்த மெல்லிய பூச்சில்தான் அவருடைய தொழில் நின்றது.

கள் இறக்கிய காலத்துக் கலயத்துக்கு வேறு ஒழுங்கு. அதைப் பளிச்சென்று கழுவிவிட்டால் சாறு சோம்பும். ஆகவே மேலோட்டமாக அலசிவிட்டு, நேற்றைய மண்டியைச் சிறிது விட்டுவைப்பார்கள். அதை அழுக்கு என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்க்கலாம். பழைய மாவில் ஒரு கரண்டி சேர்த்துப் புது மாவைப் புளிக்க வைப்பதும், உறை ஊற்றித் தயிராக்குவதும் இதே வித்தைதான். விதையை விட்டுவைப்பது ஒரு தூய்மை. விதையே இல்லாமல் செய்வது இன்னொரு தூய்மை. கள்ளுக் கலயத்தையும் பதநீர்க் கலயத்தையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்ற பெரியவரின் விதி, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதன் சுருக்கம்.

இதை எனக்குத் தெளிவாக்கியவன் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன். அங்கே வீட்டில் பியர் காய்ச்சுவதை மத்திய அரசு 1978இல் சட்டபூர்வமாக்கியது. இவன் வார இறுதிகளில் கார் நிறுத்தும் கொட்டகையில் பார்லி மால்ட்டும் ஹாப்ஸ் பூவும் போட்டுக் காய்ச்சுகிறான். தமிழ்நாட்டில் அதே காரியத்தைச் செய்தால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அவனைத் தேடி வரும். ஒருமுறை தொலைபேசியில் சொன்னான்: "மாமா, பியர் காய்ச்சறதுன்னா பாத்திரம் தேய்க்கிறதுதான். நடுநடுவுல கொஞ்சம் பியரும் வரும்."

அவனுடைய முறையைக் கேட்டபோது எனக்குப் பெரியவரின் முற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பது அவன் முதல் பாடம். சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் வாளி, குழாய், குப்பி எல்லாவற்றையும் ஊறவைத்து ஒட்டியிருப்பதை எடுக்கிறான். அது முடிந்த பிறகே கிருமிநாசினி. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி தன் வலுவை அழுக்கின் மேல் செலவழித்துவிடும். அழுக்குப் படலத்துக்கு அடியில் இருக்கும் உயிர்கள் பிழைத்துக்கொள்ளும். அவன் பயன்படுத்துவது பாஸ்பாரிக் அமிலம் கலந்த ஒரு நுரைத் திரவம். அதை அலச வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வாளியை முரட்டு நாரால் தேய்க்க மாட்டான். கீறல் விழுந்தால் அது நுண்ணுயிர்களுக்குக் கால்வாயாகிவிடும். குழாய்கள் பழசானால் தூக்கிப் போட்டுவிடுவான். பெரியவர் காரத்தால் செய்ததை இவன் அமிலத்தால் செய்கிறான். முதலில் தேய், பிறகு கொல் என்ற வரிசை மட்டும் இருவருக்கும் ஒன்று. பதநீர்க்காரர் யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்துகிறார். என் மருமகன் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, தான் பொட்டலத்தில் வாங்கிய ஈஸ்ட்டை மட்டும் அழைக்கிறான். கள்ளிறக்குபவர் நேற்று வந்த விருந்தாளியையே இன்றும் இருக்கச் சொல்கிறார்.

மேலை நாட்டு மது ஆலைகளும் இந்த அறிவை எளிதில் பெற்றுவிடவில்லை. 1871இல் லூயி பாஸ்டர் லண்டனில் விட்பிரெட் ஆலைக்குச் சென்று அவர்களுடைய ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் வேண்டாத உயிர்கள் கலந்திருப்பதைக் காட்டினார். சில நாள் கழித்து மறுபடியும் போனபோது, ஆலைக்காரர்கள் நுண்ணோக்கி வாங்கியிருந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். பியர் பற்றிய அவருடைய நூல் 1876இல் வந்தது. அதற்கும் முன்பே, 1847இல், வியன்னா மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் கட்டாயப்படுத்தினார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. நீர்த்த சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பதே நாம் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர். பாளைக்குக் கீழே தொங்கிய கலயத்துக்கும் ஊர்க் கிணற்றுக்கும் காவல் நிற்பது ஒரே சுண்ணாம்பின் குடும்பம்தான்.

இத்தனை நுட்பமும் ஒரு முகர்தலில் முடிந்துபோகக்கூடியது. 1990களின் தொடக்கத்தில் ஒரு கோடைநாள். பெரியவருக்குக் காய்ச்சல், மரத்திலிருந்து கலயங்களை இறக்க வெயில் ஏறிவிட்டது. அவற்றில் இரண்டு நுரைத்திருந்தன. அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வந்த காவலர்கள் அந்த இரண்டையும் முகர்ந்து பார்த்தார்கள். கள் இறக்கியதாக வழக்கு. அன்றிரவு அவர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் நானும் என் அப்பாவும் போய் அழைத்து வந்தோம். வழியில் அவர் அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மற்றக் கலயங்களையும் உடைத்துப் போட்டிருந்தார்கள். "புளிச்சதை ஒடைச்சா நாயம். கழுவின கலயம் தம்பி அதெல்லாம்" என்றார். நாலைந்து முறை அதையே சொன்னார்.

அவருடைய வருத்தத்தின் பொருள் அன்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. கள்ளை எதிர்ப்பவர்கள் பலர் சொல்லும் முதல் காரணம் அசுத்தம். ஈ மொய்க்கும், கலயம் நாறும் என்பார்கள். குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். மதுவிலக்குக்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அசுத்தம் என்ற காரணம் மட்டும் கணக்கில் உதைக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு வட்டாரத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். அது கழுவாத பானையில் ஊறி வந்ததன்று. ஆலைகளுக்கென்று தயாரிக்கப்படும் தெளிந்த வேதிப்பொருள் அது; கிருமி அதில் உயிர்வாழாது. கிருமியற்றது என்ற ஒரே அளவுகோலால் பார்த்தால் அந்த நஞ்சுப் பொட்டலம் பெரியவரின் கலயத்தைவிடத் தூய்மையானது. சாறு புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். அழுக்குக் கலயம் வயிற்றைக் கெடுக்கும், சாற்றைக் காடியாக்கும். ஒரு தெருவையே ஓரிரவில் பிணமாக்காது.

இதனால் பழைய முறை எல்லாம் குறையற்றது என்று வாதிடவில்லை. கலயம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அதன் வாய் திறந்திருக்கிறது. வங்கதேசத்தில் ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடிப்பவர்களுக்கு நிபா வைரஸ் தொற்றியது, இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து சாற்றை நக்குவதால் என்று 2005இல் டாங்கைல் மாவட்டத்தில் பரவிய நோயை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். மூங்கில் தட்டியால் சீவிய இடத்தை மறைப்பது அங்கே பரிந்துரைக்கப்படுகிறது. தென்னையில் காசர்கோட்டு ஆராய்ச்சி நிலையம் பனிக்கட்டிப் பெட்டியில் சாற்றைப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தது; அங்கே சுண்ணாம்பின் வேலையைக் குளிர் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் கள்ளைப் போத்தலில் அடைத்துச் சூடாக்கி நொதிப்பை நிறுத்தி விற்கிறார்கள். அறிவு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் ஊருக்கு அருகே மாதவரத்தில், ஜே.சி. குமரப்பாவின் பெயர் தாங்கிய குமரப்பாபுரத்தில், காதி கிராமத் தொழில் ஆணையத்தின் பனைவெல்ல நிறுவனம் அமைந்தது. பனைத் தொழிலுக்கும் ஆய்வும் பயிற்சியும் வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. பெரியவரின் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? உடைந்த கலயங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

என் மருமகனுக்கு ஓர் ஐயம் வந்தால் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், படிக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. அவன் கழுவும் வாளியை ஒருவரும் வந்து உடைப்பதில்லை. பெரியவருக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவானதன்று. ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு சீடன் வேண்டும். சீடன் வருவதற்கு அந்தத் தொழிலில் ஒரு மரியாதை இருந்திருக்க வேண்டும். கள்ளைத் திறப்பதா மூடுவதா என்று தேர்தல்தோறும் மேடைகளில் பேசுகிறோம். பேசுகிறவர்கள் ஒருநாளாவது ஒரு கலயத்தின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.